வடசென்னையில் கள ஆய்வு: எந்தக் கோட்பாட்டைக் கையில் எடுப்பது?

முதுகலைச் சமூகவியல் மாணவர்கள் வடசென்னையைக் களமாக எடுக்கும்போது, ஆய்வுத் திட்டத்தில் 'கோட்பாட்டுச் சட்டகம்' என்ற பகுதியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பூர்தியே, ஃபூக்கோ, கிடன்ஸ், பெக், லத்தூர் என்று பாடத்தில் படித்த பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. வழிகாட்டிக்குப் பிடித்தவர் ஒருவர், சீனியரின் ஆய்வேட்டில் இருந்தவர் ஒருவர், தானே படித்து ரசித்தவர் ஒருவர் என மூன்று பெயரைச் சேர்த்து எழுதிவிட்டுக் களத்துக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது கையில் இருக்கும் நேர்காணல்கள் அந்த மூவரில் ஒருவருடைய கேள்விக்கும் முழுமையாகப் பதில் சொல்வதில்லை.

யாரைச் சந்திக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைத் தேட வேண்டும் என்பதையெல்லாம் கோட்பாடு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. வியாசர்பாடியில் பி.காம். முடித்த ஒருவருக்கு ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. நிறுவனங்களில் வேலை கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பூர்தியே வழியில் போனால், நேர்முகத் தேர்வு அறையில் அவருடைய பேச்சும் உட்காரும் விதமும் எப்படி மதிப்பிடப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். களங்கத்தை ஆராய்ந்த கோஃப்மன் வழியில் போனால், விண்ணப்பத்தில் முகவரியை எப்படி எழுதினார் என்று கேட்க வேண்டும். மார்க் கிரானொவெட்டர் 1973இல் எழுதிய 'பலவீனமான பிணைப்புகள்' (நெருக்கமில்லாத பழக்கங்கள் வழியே புதுத் தகவல் வருவது) வழியில் போனால், அப்படி ஒரு வேலை காலியாக இருப்பதே அவருக்கு யார் மூலம் தெரிந்தது என்று தேட வேண்டும். குறுக்குவெட்டுக் கோட்பாடு தந்த கிரென்ஷா வழியில் போனால், அதே தெருவில் அதே பட்டம் வாங்கிய பெண்ணைச் சந்திக்காமல் ஆய்வு தொடங்கவே முடியாது. ஒரே இளைஞரைப் பற்றிய நான்கு கேள்விகள், நான்கு வெவ்வேறு ஆய்வுகள்.

ஒரே ஆள், நிதியுதவி இல்லாமல், 22 வாரத்தில் முடிக்கும் ஆய்வை மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. மூன்று நான்கு ஆண்டுகள் கையில் வைத்திருக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குக் கணக்கு மாறும்.

பட்டமும் வேலையும்: பூர்தியே

தலைமுறைகளுக்கிடையே என்ன கைமாறியது, எங்கே தடைபட்டது என்பது உங்கள் கேள்வியானால், பியர் பூர்தியேவை விடச் சிறந்த கருவி இன்றைக்கு இல்லை. பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரிப் பகுதிகள் இதற்காகவே அமைந்தது போன்ற களம். தாத்தா பி அண்டு சி (பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக்) துணி மில்லில் நிரந்தரத் தொழிலாளி. 1996இல் மில் மூடப்பட்ட பிறகு அப்பா ஆட்டோ ஓட்டினார் அல்லது துறைமுகத்தில் லோடு இறக்கினார். பிள்ளை பட்டதாரி. இந்த மூன்று தலைமுறை வரிசை பல குடும்பங்களில் இன்னும் நேரில் பேசக் கிடைக்கிறது. தாத்தாக்கள் வயதானவர்கள். இந்த ஆய்வைத் தள்ளிப்போட முடியாது.

பூர்தியேவிடம் மூன்று கருத்துகள் ஒன்றாகத்தான் வேலை செய்யும்: ஹாபிட்டஸ், மூலதனம், களம். ஹாபிட்டஸ் என்பது சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிப்போன, யோசிக்காமலே வெளிப்படும் சாய்வுகளின் தொகுதி. மூலதனம் பணம் மட்டுமில்லை. பண்பாட்டு மூலதனம், சமூக மூலதனம், இவை மதிப்பாக அங்கீகரிக்கப்படும்போது கிடைக்கும் குறியீட்டு மூலதனம் என்று விரிகிறது. களம் என்பது குறிப்பிட்ட ஒரு பந்தயம் நடக்கிற இடம். அந்தப் பந்தயத்தில் எதற்கு மதிப்பு என்பதைக் களமே தீர்மானிக்கிறது. பெரும்பாலான ஆய்வேடுகள் மூலதனத்தை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு, களத்தை 'ஆய்வு நடந்த ஏரியா' என்ற பொருளில் எழுதிவிடுகின்றன. அங்கேயே ஆய்வு உடைந்துவிடும். வியாசர்பாடி ஒரு களம் அன்று. தனியார் வேலைவாய்ப்புச் சந்தை ஒரு களம். கால்பந்து ஒரு களம்.

எனவே முதல் வேலை, களத்தை வரையறுப்பது. யார் யார் போட்டியிடுகிறார்கள், எதற்காக, தகுதியை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் யாரிடம் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே பக்கத்தில் பதில் எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால் பூர்தியேவைத் தொட வேண்டாம்.

அடுத்து பண்பாட்டு மூலதனத்தை அதன் மூன்று நிலைகளாகப் பிரித்துக் கேள்விகள் தயாரிக்க வேண்டும். உடம்பில் ஊறியது: பேச்சு, ஆங்கில உச்சரிப்பு, மேலதிகாரி முன் நிற்கும் விதம். பொருளாக இருப்பது: லேப்டாப், புத்தகங்கள், படிக்கத் தனியாக ஒரு மூலை. நிறுவன முத்திரை பெற்றது: மதிப்பெண் பட்டியல், பட்டம், சான்றிதழ். முதல் வகையை நேர்காணலில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, கவனிக்கத்தான் முடியும். இரண்டாவதற்கு வீட்டுக்குள் போக வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் கேள்வித்தாள் போதும். மாணவர்கள் மூன்றாவதை மட்டும் திரட்டிக்கொண்டு வந்து முதலாவதைப் பற்றி எழுதுகிறார்கள்.

வடசென்னையில் இந்தக் கோட்பாட்டுக்குக் கிடைக்கும் மிக அருமையான இடம் விளையாட்டு இட ஒதுக்கீடு. ராயபுரத்தில் குத்துச்சண்டை, வியாசர்பாடியில் கால்பந்து. பல ஆண்டுப் பயிற்சியில் உடம்பில் சேர்த்த திறமைக்கு ஏரியாவுக்குள் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தனியார் நிறுவன நேர்முகத்தில் அதற்கு மதிப்பே இல்லை. அதே திறமை அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்றிதழாக மாறிவிட்டால், ரயில்வே போன்ற இடங்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வழியாக நிரந்தர வேலைக்குப் போக வழியிருக்கிறது. ஒரு வகை மூலதனம் இன்னொரு வகையாக மாறுவதைப் பூர்தியே நிறையப் பேசினார். இங்கே அந்த மாற்றம் ஒரு காகிதத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில் நடக்கிறது. யாருக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது, கிட்டத்தட்ட அதே ஆட்டத்தை ஆடிய யாருக்குக் கிடைக்கவில்லை என்று இரு தரப்பிலும் ஆறு ஆறு பேரைப் பார்த்தாலே நல்ல ஆய்வேடு வந்துவிடும்.

இந்தக் கோட்பாட்டில் வழக்கமாக நேரும் கேடு, வட்டமாகச் சுற்றுவது. 'ஏன் நேர்முகத்தில் தயங்கினார்?' 'அவருடைய ஹாபிட்டஸ் அப்படி.' 'அப்படி என்று எப்படித் தெரியும்?' 'தயங்கினாரே!' இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. வாழ்க்கை வரலாற்றை ஒரு நாளும் இப்போதைய நடத்தையை வேறொரு நாளும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். வரலாற்றை மட்டும் படித்துவிட்டு நடத்தை எப்படி இருக்கும் என்று எழுதி வைத்து, பிறகு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடங்கள்தான் ஆய்வேட்டின் உயிர்.

இன்னொரு குறை பூர்தியேவினுடையது. அவர் பிரான்சை வைத்துக் கட்டிய மூலதன வரிசையில் சாதி இல்லை. சாதியை 'சமூக மூலதனம்' என்று அதற்குள் திணிப்பவர்கள் உண்டு. அது போதாது. பணத்தையும் படிப்பையும் சேர்க்கலாம், மாற்றலாம். சாதியை அப்படி எதற்காகவும் மாற்றிக்கொள்ள முடியாது. அம்பேத்கர் 1936இல் சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது என்று சொன்னதை இந்த ஆய்வில் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். இதற்கான சான்று களத்திலேயே இருக்கிறது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான். மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தம் சாதி வழியே பிளந்து புளியந்தோப்பில் கலவரமாக முடிந்தது. ஒரே மில், ஒரே முதலாளி. வர்க்கத்தை மட்டும் வைத்து அதை விளக்க முயன்றவர்களுக்குப் பாதிக் கதைதான் கிடைத்தது.

முகவரியின் சுமை: கோஃப்மனும் வக்கானும்

'எந்த ஏரியா?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பற்றி ஆய்வு செய்ய நினைத்தால் பூர்தியே தேவையில்லை. எர்விங் கோஃப்மன் 1963இல் தந்த பிரிவு நேராக உதவும். களங்கம் வெளியே தெரிந்துவிட்ட நிலை ஒன்று. இன்னும் தெரியவில்லை, எப்போது வேண்டுமானாலும் தெரியலாம் என்ற நிலை இன்னொன்று. முகவரி இரண்டாவது வகை. அதனால் ஆய்வாளர் தேட வேண்டியது மறைப்பு உத்திகளை. விண்ணப்பத்தில் வியாசர்பாடிக்குப் பதில் பெரம்பூர் என்று எழுதுவது, ஆபிஸ் நண்பர்களை வீட்டுக்கு அழைக்காமல் மெட்ரோ நிலையத்திலேயே சந்தித்துக்கொள்வது, பேச்சிலிருந்து சென்னைத் தமிழை வடிகட்டிவிடுவது என்று இவை பல விதம்.

கோஃப்மன் வகைப்படுத்திய களங்கங்களில் இடம் என்று ஒன்று தனியாக இல்லை. உடல், நடத்தை, குலம்-இனம்-மதம் என மூன்றுதான். இடத்தைச் சேர்த்தவர் லோயிக் வக்கான். சிகாகோவின் தென்பகுதியையும் பாரிஸ் புறநகரான லா கூர்னவ்வையும் ஒப்பிட்டு, ஒரு வட்டாரத்தின் பெயரே அங்கே வாழ்பவர்மேல் அழுக்காகப் படிவதை 'வட்டாரக் களங்கம்' என்று கருத்தாக்கினார். இது கோஃப்மனையும் பூர்தியேவையும் இணைத்துக் கட்டியது. ஆகவே இந்த மூவரையும் ஒரே ஆய்வில் வைத்தால் முரண் வராது.

ஆனால் வக்கானை அப்படியே பெயர்த்துக் கொண்டுவரக் கூடாது. சிகாகோவில் அவர் கண்டது அரசும் சந்தையும் விலகிப்போன வட்டாரம். வடசென்னையிலிருந்து அரசு விலகவே இல்லை. துறைமுகம், அனல்மின் நிலையம், ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஹவுசிங் போர்டு, குப்பைக் கிடங்கு என்று எங்கு திரும்பினாலும் அரசுதான். நகரத்துக்குத் தேவையான, ஆனால் நகரம் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத வேலைகள் அத்தனையும் இங்கே குவிக்கப்பட்டிருக்கின்றன. கைவிடப்பட்ட பகுதி என்று எழுதினால் தவறு. அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்ட பகுதி என்பதே சரி.

இந்த ஆய்வில் அதிகம் நடக்கும் பிழை, களங்கத்தைச் சுமப்பவர்களை மட்டுமே சந்திப்பது. சுமத்துபவர்கள் யார்? வேலைக்கு ஆள் எடுப்பவர், வாடகைக்கு வீடு விடுபவர், கடன் விண்ணப்பத்தைச் சரிபார்க்க வருபவர். கடன் கொடுக்கும் வட்டாரங்களில் 'நெகட்டிவ் ஏரியா' என்ற வழக்கு இருக்கிறது. கடன் சரிபார்ப்பு வேலை செய்யும் நான்கு பேரைச் சந்தித்து, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை, யார் சொல்லி என்று கேட்டால் கிடைக்கும் தகவல், ஏரியாவாசிகள் இருபது பேரிடம் 'உங்களுக்கு அவமானமாக இருக்கிறதா?' என்று கேட்டுக் கிடைப்பதை விடப் பலமானது. அந்தக் கேள்வியைக் கேட்பதே ஒருவகை அவமதிப்பு. ரவுடி, வெட்டுக்குத்து பற்றிய கேள்விகளோடு நேர்காணலைத் தொடங்குபவர், தான் ஆராய வந்த களங்கத்தைத் தன் கையாலேயே இன்னொரு முறை பூசிவிட்டு வருகிறார்.

22 வாரத்துக்குள் சிரமமில்லாமல் முடிக்கக்கூடிய வழி இதுதான். 15 நேர்காணலும் சுமத்தும் தரப்பில் ஐந்தாறும் போதும்.

எண்ணூர்: பெக், கலோன், ஹார்வி

எண்ணூர், மணலி, அத்திப்பட்டு என்று சூழல் சார்ந்த தலைப்பை எடுப்பவர்கள் உடனே உல்ரிச் பெக்கின் 'இடர்ச் சமூகம்' என்று எழுதிவிடுகிறார்கள். 1986இல் வந்த கோட்பாடு. செல்வத்தைப் பங்கிடுவதில் இருந்த சண்டை, ஆபத்தைப் பங்கிடும் சண்டையாக மாறுகிறது என்பது அதன் சாரம். ஏழ்மை படிநிலையோடு வரும், புகைமூட்டம் எல்லாரையும் சமமாகத் தாக்கும் என்ற அவருடைய வாதம் எண்ணூரில் எடுபடாது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலை வாயுவும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆலைக்கு இடம் தேர்ந்தெடுத்த நாளிலேயே முடிவாகிவிட்டது. இடர் பங்கிடப்பட்டிருப்பதில் அப்பட்டமான படிநிலை இருக்கிறது.

அதற்காகப் பெக்கை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். அவருடைய 'ஒழுங்கமைக்கப்பட்ட பொறுப்பின்மை' என்ற கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது. பல நிறுவனங்கள், பல சட்டங்கள், பல அனுமதிகள் இருக்கும். தனித்தனியாக எல்லாரும் விதிப்படிதான் நடந்திருப்பார்கள். கெடுதிக்கு மட்டும் ஆள் இருக்க மாட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். எது ஆபத்து, எவ்வளவு வரை பாதுகாப்பு, அளவெடுக்கும் கருவி யாருடையது, நிரூபிக்க வேண்டிய கடமை பாதிக்கப்பட்டவருடையதா ஆலையினுடையதா என்ற கேள்விகளைப் பெக் 'வரையறை உறவுகள்' என்றார். ஆய்வை அந்தக் கேள்விகளின் மீது நிலைநிறுத்துங்கள்.

இதற்குத் தேவையான தரவு காகிதத்தில்தான் இருக்கிறது: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிகள், பசுமைத் தீர்ப்பாய ஆணைகள், நிபுணர் குழு அறிக்கைகள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் பதிலுக்கு 30 நாள். பதில் வரவில்லை என்று முதல் மேல்முறையீடு போனால் இன்னும் 30 முதல் 45 நாள். ஆக, மனுவை முதல் வாரத்திலேயே போட்டாக வேண்டும். களப்பணி முடிந்த பிறகு போடுபவருக்கு ஆய்வேடு சமர்ப்பித்த பிறகுதான் பதில் வரும். ஒரே மனுவில் பத்துக் கேள்வி வேண்டாம். ஆலை, ஆண்டு, ஆவணத்தின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு ஒரு மனுவுக்கு ஒரு பொருள் என்று கேளுங்கள்.

மனிதரோடு பொருள்களையும் செயல்படுபவையாகவே பார்க்கும் செயலி வலைக் கோட்பாடு (actor-network theory) இதே எண்ணூரை வேறு விதமாகப் பார்க்கும். லத்தூரின் பெயரால் அறியப்பட்டாலும், மீனவர் சார்ந்த ஆய்வுக்கு மிஷெல் கலோனின் 1986 கட்டுரைதான் உங்களுக்கு வேண்டும். பிரான்சின் சான் பிரியூ விரிகுடாவில் சிப்பி வளர்க்க மூன்று ஆராய்ச்சியாளர்கள் எடுத்த முயற்சியைப் பற்றியது. பிரச்சினையை வரையறுத்து அதற்கு வழி தாங்களே என்று நிறுத்திக்கொள்வது, மற்றவர்களைத் தம் பக்கம் பிடித்து வைப்பது, அவரவருக்கான பங்கைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வது, சிலரை எல்லாருக்கும் பிரதிநிதியாக்கித் திரட்டுவது என்று நான்கு கட்டங்கள். சிப்பியையும் மீனவரையும் ஒரே மொழியில் விவரித்தார். கடைசியில் இரண்டுமே பிரதிநிதிகளை மீறிவிட்டன.

எண்ணூரில் சாம்பல் குழம்பு கொண்டுபோகும் குழாய், முகத்துவாரத்தை அடைக்கும் மணல் திட்டு, தூர்வாரும் இயந்திரம், கழிமுகத்தின் எல்லையைச் சொல்லும் வரைபடம் எல்லாமே சண்டையில் பங்கெடுக்கின்றன. கழிமுகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடங்களுக்கிடையே எழுந்த சர்ச்சையைப் படித்தவர்களுக்கு, ஒரு தாள் எவ்வளவு நிலத்தை நகர்த்தும் என்று தெரியும். அதைக் காட்ட இந்தக் கோட்பாடு மிகப் பொருத்தம்.

இருந்தும் முதுகலை மாணவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு பொருளின் பின்னாலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று கோட்பாடு சொல்லாது. எட்டு வாரக் களப்பணி போதவே போதாது. அதைவிட முக்கியம், எல்லாரையும் எல்லாவற்றையும் சமதளத்தில் வைத்துத் தொடங்குவதால், சண்டை தொடங்குவதற்கு முன்பே சிலர் கையில் இருந்த பலம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கழிமுகத்தில் மீன்பிடிக்கும் இருளர் பழங்குடியினரும் ஆலை நிர்வாகமும் ஒரே வலையின் இரண்டு கண்ணிகள் என்று எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடுவது நியாயமில்லை.

டேவிட் ஹார்வி 2003இல் பேசிய 'பறிப்பின் வழிக் குவிப்பு' இதற்கு நேர் எதிர். யார் இழந்தார், யார் பெற்றார் என்பதில் குழப்பமே இருக்காது. பொதுவில் இருந்த நீர்ப்பரப்பு எப்படி நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆனது என்ற வரலாற்று ஆய்வுக்கு நல்லது. பொதுவளம் என்றதும் யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம் என்று எழுதிவிடாதீர்கள். பழவேற்காட்டில் இருக்கும் பாடு முறையைப் பாருங்கள். எந்தக் குடும்பம் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்குச் சுழற்சி முறை உண்டு. உரிமையும் ஒழுங்கும் இருந்த இடத்தைத்தான் பறித்தார்கள் என்பதை ஆய்வு காட்ட வேண்டும்.

பட்டியலில் விடுபடும் பெண்: கிரென்ஷா

கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய குறுக்குவெட்டுக் கோட்பாடு இன்றைக்கு எல்லா ஆய்வேட்டிலும் ஒரு பத்தியாக வருகிறது. 'சாதி, வர்க்கம், பாலினம் மூன்றாலும் ஒடுக்கப்பட்டவர்' என்று கூட்டல் கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அவர் சொன்னது அதுவன்று. அவர் எடுத்த வழக்கைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு வந்த ஆட்குறைப்பில், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற விதிப்படி அவர்கள் வேலை இழந்தார்கள். நிறுவனத்தில் பெண்கள் இருந்தார்கள், அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தவர் இருந்தார்கள், அவர்கள் ஆண்கள். எனவே பாலினப் பாகுபாடும் இல்லை, பாலினம், இனம் இரண்டையும் சேர்த்து ஒரு புதிய வகையாகக் கேட்கவும் முடியாது என்று 1976இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்கெடுக்கும் முறையே அந்தப் பெண்களைக் காணாமல் ஆக்கியது.

ஆகவே இந்தக் கோட்பாட்டைக் கையில் எடுப்பவர் தேட வேண்டியது ஒரு பட்டியலை. வடசென்னையில் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. 2023 எண்ணெய்க் கசிவுக்கான நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று அறிவிக்கப்பட்டது. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் படகு கிடையாது. குடும்பத்துக்கான தொகை யார் பெயரில் வந்தது? மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகாத இருளர் குடும்பம் பட்டியலில் எந்த வரிசையில் இருந்தது? கரையில் மீன் வாங்கிக் கூடையில் கொண்டுபோய் விற்கும் பெண்ணின் இழப்பு எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது? இவை முடிவுகள் அல்ல, சோதிக்க வேண்டிய கேள்விகள். விண்ணப்பப் படிவத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் யாரால் நிரப்ப முடியும், யாரால் முடியாது என்று பார்ப்பதுதான் முறை.

நேர்காணல் எண்ணிக்கையில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதியில் இரண்டு, பாலினத்தில் இரண்டு, தொழிலில் இரண்டு என்று எடுத்தாலே எட்டுக் கட்டங்கள். கட்டத்துக்கு ஐந்து பேர் என்றால் 40 நேர்காணல். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும், ஆக 200 மணி நேரத்துக்கு மேல். நாளைக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஐந்து வாரம். முடியாது. எட்டுக் கட்டத்தையும் நிரப்ப முயலாமல், விடுபட்டுப் போகும் கட்டத்தில் எட்டுப் பேரையும், பட்டியலில் இருப்பவர்களில் எட்டுப் பேரையும், பட்டியல் தயாரித்தவர்களில் மூவரையும் பார்ப்பது நல்லது.

பட்டா, ஹவுசிங் போர்டு, கவுன்சிலர்

குடியிருப்பு உரிமையைப் பற்றிய ஆய்வுக்கு ஃபூக்கோவா பார்த்தா சட்டர்ஜியா என்ற கேள்வி வரும். தயங்காமல் சட்டர்ஜி. மக்களைக் கணக்கெடுத்து, வகைப்படுத்தி நிர்வகிப்பதைப் பற்றிய ஃபூக்கோவின் ஆளுகைக் கருத்தை உள்வாங்கித்தான் அவர் 2004இல் 'அரசியல் சமூகம்' என்ற கருத்தை விரித்தார். கல்கத்தாவில் ரயில் பாதையோரம் குடியேறியவர்களைப் பற்றிய அவருடைய அத்தியாயம், வடசென்னையில் தண்டவாளத்தை ஒட்டி வாழ்பவர்களைப் பார்க்கப் போகிறவருக்கு உடனே பிடிபடும். சட்டப்படி அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஆனால் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, மின் இணைப்பு எல்லாம் அரசு கொடுத்தது. உரிமையாகக் கேட்க முடியாததைப் பேரமாகப் பெறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது, சட்டம் 1971இல். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. இந்த ஐம்பது ஆண்டுக் காகிதங்கள் ஒவ்வொரு வீட்டின் டிரங்குப் பெட்டியிலும் இருக்கும். ஒதுக்கீட்டு ஆணை, பணம் கட்டிய ரசீது, கணக்கெடுப்பு டோக்கன். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றும் யார் மூலம் வந்தது என்று கேட்டால் ஆய்வின் முதுகெலும்பு கிடைத்துவிடும். உரிமையாளர் அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள். ஆதார் எண் தெரியும்படி எதையும் சேமிக்காதீர்கள்.

சட்டர்ஜி தடுக்கும் இடமும் உண்டு. சட்டத்தின் மொழியில் பேசும் குடிமைச் சமூகம் ஒரு பக்கம், பேரம் பேசும் அரசியல் சமூகம் மறுபக்கம் என்ற அவருடைய கோடு இங்கே அழிந்துபோகிறது. காலையில் கவுன்சிலரைப் பார்த்துவிட்டு மதியம் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் குடியிருப்பு இது. எண்ணூர் மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள். அந்தக் கோடு எப்போது தாண்டப்படுகிறது என்பதையே கேள்வியாக்கினால், கோட்பாட்டைத் திருத்தும் அளவுக்குப் பலன் கிடைக்கும்.

ஆந்தனி கிடன்ஸின் கட்டமைவுக் கோட்பாடு பற்றி ஒரு வார்த்தை. அமைப்பு மனிதரை ஆக்குகிறது, மனிதர் செயல்பட்டு அமைப்பை ஆக்குகிறார் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. யாரும் மறுக்க முடியாத கோட்பாட்டை வைத்துக் கள ஆய்வு செய்வது கடினம். தேர்வுக்குப் படியுங்கள், ஆய்வுக்கு வேண்டாம்.

சேர்க்கலாமா, கூடாதா

இரண்டு கோட்பாட்டைச் சேர்க்க நினைப்பவர்கள் அடித்தளத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பூர்தியே, கோஃப்மன், வக்கான் சேரும். சட்டர்ஜியும் ஃபூக்கோவும் சேரும். கிரென்ஷாவோடு அம்பேத்கரின் படிநிலைச் சமமின்மை நன்றாகவே சேரும். இந்தியச் சூழலில் அது இல்லாமல் கிரென்ஷா முழுமையடைய மாட்டார். பூர்தியேவும் லத்தூரும் சேரவே மாட்டார்கள். 'சமூகம்' என்ற ஒன்றைக் காட்டி மற்றவற்றை விளக்கக் கூடாது, சமூகம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதையே விளக்க வேண்டும் என்பவர் லத்தூர். பூர்தியேவின் களமும் ஹாபிட்டஸும் அவருக்கு விளக்கப்பட வேண்டியவை. பெக்கும் ஹார்வியும் ஒரே அத்தியாயத்தில் வந்தால், வர்க்கம் பழைய கணக்கா இன்றைய கணக்கா என்று நீங்களே ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

எதை எடுத்தாலும் களத்துக்குப் போகும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: 'இன்னது கிடைத்தால் என் கோட்பாடு இங்கே பொருந்தவில்லை என்று ஒப்புக்கொள்வேன்.' ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆய்வில், சான்றிதழ் பெற்றவர் பெறாதவர் இரு தரப்பின் குடும்ப வரலாறும் ஒன்றுபோலவே இருந்தால் பூர்தியே அங்கே உதவவில்லை என்று அர்த்தம். அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால், அந்தக் கோட்பாட்டை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

கால அட்டவணை கோட்பாட்டைப் பொறுத்து மாறினாலும் பொதுவாக இப்படிப் பிரிக்கலாம்: வாசிப்புக்கும் திட்டத்துக்கும் 3 வாரம், அனுமதிக்கும் முன்னோட்டத்துக்கும் 2, களத்துக்கு 8, எழுத்தாக்கத்துக்கு 3, எழுதுவதற்கு 6. எழுத்தாக்கத்தை மூன்று வாரத்தில் முடிக்க வேண்டுமானால் களத்தில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். சென்னைத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்தி எழுதாதீர்கள். பூர்தியே, கோஃப்மன் வழியில் போகிறவர்களுக்கு அந்தப் பேச்சேதான் தரவு. திருத்தினால் பாதித் தரவு போய்விடும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏலத்தையும் கரை வேலையையும் கவனிக்க வேண்டியவர்கள் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். விசைப்படகுத் தொழிலாளர்களிடம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டியவர்களுக்குத் தடைக்காலம்தான் ஏற்ற நேரம். படகு கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கழிமுகம் பற்றிய ஆய்வு என்றால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு முறையாவது போய் நிற்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பது கோடையில் தெரியாது.

குப்பங்களில் முதலில் ஊர் நிர்வாகிகளைப் பார்த்து அனுமதி கேட்பது முறை. அதற்கு ஒரு விலை இருக்கிறது. யாரிடம் பேசலாம் என்று அவர்களே ஆள் காட்டுவார்கள். அந்த ஆட்கள் பெரும்பாலும் படகு வைத்திருக்கும் ஆண்களாக இருப்பார்கள். பெண்களிடம் போக வேறு வாசல் தேட வேண்டும்: சுயஉதவிக் குழு, மீன் விற்கும் இடம், தண்ணீர் லாரி வரும் நேரம். ஆய்வேட்டில் பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. நூறு வீடு உள்ள குப்பத்தில் 'கையால் இறால் பிடிப்பவர், மூத்த மகன் ரயில்வேயில் வேலை' என்று எழுதினாலே அது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். குப்பத்தின் பெயரையும் மகனின் வேலையையும் சேர்த்து மாற்றிவிட்டு, வாதத்துக்குத் தேவையான ஒரே ஒரு விவரத்தை மட்டும் உள்ளபடி விட்டுவைக்க வேண்டும்.